கடுமையான தலைக்காயத்துக்குப் பிறகு நினைவு திரும்ப மருந்து: எது உதவும், எது தடுக்கும்

கேள்வி இதுதான்: விபத்தில் தலையில் பலத்த காயம். அறுவை சிகிச்சை முடிந்து வென்டிலேட்டரையும் எடுத்தாகிவிட்டது. ஆறு வாரமாகக் கண் திறந்திருக்கிறார், ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை. நினைவு சீக்கிரம் திரும்ப மருந்து ஏதாவது உண்டா?

உண்டு. நம்பத் தகுந்த சான்று இருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அமன்டடின். ஆனால் அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால், நோயாளிக்கு இப்போது போய்க்கொண்டிருக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு மாத்திரையைச் சேர்ப்பதைவிட, மூளையை மந்தப்படுத்திக்கொண்டிருக்கும் பழைய மாத்திரையை எடுத்துவிடுவது பல நோயாளிகளுக்கு அதிகம் உதவுகிறது. குடும்பத்தார் கேட்பது "என்ன கொடுக்கலாம்" என்றுதான். "எதை நிறுத்தலாம்" என்ற கேள்வியையும் அதே அழுத்தத்தோடு கேட்க வேண்டும்.

முதலில் நிலையைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். விழிப்பைப் புள்ளிகளால் அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 3 முதல் 8 வரை இருந்தால் கடுமையான தலைக்காயம். கோமாவில் கண் திறக்காது. பெரும்பாலும் சில வாரங்களில் கண் திறந்துவிடும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். ஆனால் தன்னையும் சுற்றியிருப்பதையும் உணர்கிறார் என்பதற்கு அறிகுறி எதுவும் தெரியாமல் இருக்கலாம். இதைத்தான் வெஜிடேட்டிவ் நிலை என்கிறார்கள். அதற்கு அடுத்தது குறைந்தபட்ச நினைவு நிலை. இதில் பார்வை ஒருவரைப் பின்தொடரும், சில நேரம் சொன்னதைச் செய்வார், சில நேரம் செய்யமாட்டார். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிதல்ல. வெறும் படுக்கையோரப் பார்வையை வைத்து வெஜிடேட்டிவ் என்று முடிவு செய்யப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு நினைவின் அடையாளங்கள் இருந்ததை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மருந்து வேலை செய்கிறதா என்று சொல்வதற்கும் இதே சிக்கல்தான் குறுக்கே நிற்கும். அதனால் அளவிடும் முறையைக் கீழே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிபட்ட முதல் நாட்களில் மூளையைக் காப்பாற்ற என்னென்னவோ மருந்துகள் முயன்று பார்க்கப்பட்டன. விலங்குகளில் நன்றாக வேலை செய்தவை மனிதர்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. மிகப் பெரிய பாடம் ஸ்டீராய்டு. வீக்கம் குறையும் என்று பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைச் சேர்த்த கிராஷ் ஆய்வு 2004-இல் வெளியானபோது, மெத்தில்பிரெட்னிசலோன் பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம் என்று தெரிந்தது. காப்பாற்றும் என்று நம்பிய மருந்து உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு தலைக்காயத்துக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கூடாது என்பது நிலைத்த விதி. புரோஜெஸ்டரோன் ஹார்மோனை இரண்டு பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். 2014-இல் இரண்டும் பலனில்லை என்றே முடிந்தன. மக்னீசியம், எரித்ரோபாய்ட்டின் ஆகியவையும் மூளையின் மீட்சியைக் கூட்டவில்லை.

டிரானெக்ஸாமிக் அமிலத்துக்கு ஒரு வரம்புக்குட்பட்ட இடம் உண்டு. 2019-இல் வந்த கிராஷ்-3 ஆய்வில், அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் 1 கிராமைப் பத்து நிமிடத்திலும், அடுத்த 1 கிராமை எட்டு மணி நேரத்திலும் ஏற்றினார்கள். லேசான, நடுத்தரக் காயமுள்ளவர்களில் தலைக்காய இறப்பு குறைந்தது. கடுமையான காயமுள்ளவர்களில் தெளிவான பலன் தெரியவில்லை. எப்படியானாலும் அது ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் மருந்து, ஆறாவது வாரத்தில் அதற்கு வேலையில்லை. மானிட்டாலும் அடர் உப்புக் கரைசலும் மண்டைக்குள் அழுத்தம் ஏறும் நாட்களுக்கானவை. அந்த நாட்களில் மூளையைக் காப்பது பெரும்பாலும் ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இனி மருந்துச் சார்ட்டுக்கு வருவோம். ஐசியுவில் தொடங்கிய மருந்துகள் வார்டுக்கும், வார்டிலிருந்து வீட்டுக்கும் அப்படியே கூடவே வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. யாரும் வேண்டுமென்றே தொடர்வதில்லை. நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாததால் தொடர்கிறது.

வலிப்பு மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெனிட்டாய்ன் கொடுத்தால் முதல் ஏழு நாட்களில் வரும் வலிப்பு 14.2 சதவீதத்திலிருந்து 3.6 சதவீதமாகக் குறைந்ததை 1990-இல் வந்த ஆய்வு காட்டியது. அதே ஆய்வு, ஏழு நாளுக்குப் பிறகு தொடர்வதால் பிற்கால வலிப்பைத் தடுக்க முடியவில்லை என்பதையும் காட்டியது. ஆகவே ஒருமுறைகூட வலிப்பு வராதவருக்கு ஏழு நாள் போதும். வலிப்பு வந்திருந்தால் கணக்கு வேறு, அவருக்கு மருந்து தொடர வேண்டும். ஃபெனிட்டாய்ன் மந்தத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தால், அளவு சரியாக இருப்பதுபோல ரிப்போர்ட் வந்தாலும் உடலில் வேலை செய்யும் பகுதி அதிகமாக இருக்கும். மற்றொரு வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டாம் இந்த வகையில் வசதியானது, ஆனால் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பிவிடும். எதையும் வீட்டில் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் படிப்படியான அளவில்தான் குறைக்க வேண்டும்.

அடுத்து, மூளையின் விழிப்புக்கு உதவும் வேதிப்பொருளான டோபமினைத் தடுக்கும் மருந்துகள். நோயாளியின் கிளர்ச்சியை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் இதில் முதன்மையானது. காயமடைந்த எலிகளில் அது மீட்சியைத் தாமதப்படுத்துவது 1980-களிலேயே தெரிந்தது. நோயாளிகளிலும் குழப்ப நிலை நீள்வதோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. குடும்பத்தார் கவனிக்காமல் விடுவது மெட்டோக்ளோபிரமைடு. வாந்திக்கும், மூக்குக்குழாயில் கொடுக்கும் உணவு வயிற்றில் தேங்குவதற்கும் எழுதுவார்கள். "வயிற்று மாத்திரை" என்ற பெயரில் மாதக்கணக்கில் போகும். அது மூளைக்குள்ளும் டோபமினைத் தடுக்கிறது. ஒரு கையால் அமன்டடின் கொடுத்து டோபமினைக் கூட்டிக்கொண்டே, மறுகையால் மெட்டோக்ளோபிரமைடு கொடுத்து அதை அடைப்பதில் பொருளில்லை.

லொராசெபாம், குளோனாசெபாம், டயசெபாம் வகைத் தூக்க மருந்துகள், புரோமெதசின் போன்ற ஒவ்வாமை மருந்துகள், சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்சிபியூட்டினின், தேவைக்கு மேல் தொடரும் ஓபியாய்டு வலிநிவாரணிகள் ஆகிய எல்லாமே விழிப்பைக் குறைக்கும். கைகால் இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபெனும் டிசானிடினும் அப்படித்தான். இறுக்கம் ஒன்றிரண்டு தசைகளில் மட்டும் இருந்தால் போட்டுலினம் ஊசி மேல், அது மூளையை மந்தப்படுத்தாது. பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மாயத்தோற்றமும் கடும் காய்ச்சலும் வரலாம். இதில் கவனம் தவறவே கூடாது.

சார்ட்டைச் சுத்தம் செய்தபின், நினைவு திரும்பாமல் தடுக்கும் வேறு காரணங்கள் உண்டா என்று தேட வேண்டும். மூளைநீர் தேங்கி அறைகள் பெருத்திருக்கலாம். காயத்துக்கு வாரங்கள், மாதங்கள் கழித்தும் இது வரும். கொஞ்சம் முன்னேறியவர் நின்றுபோனால் அல்லது பின்வாங்கினால் மறுபடி சிடி எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் தேங்கிய நீரை வடிக்கும் ஷண்ட் குழாய் வைப்பார்கள். மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து வைத்திருந்து அந்த இடம் குழிந்துபோயிருந்தால், ஓட்டை மீண்டும் பொருத்திய பிறகு தெளிவு கூடுவது உண்டு. உடல் துடிக்காமல் மூளைக்குள் மட்டும் ஓடும் வலிப்பை இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு) இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. ரத்தத்தில் சோடியம், காலை எட்டு மணி கார்ட்டிசால், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டிருந்தால், அது சுரக்கும் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மட்டும் பார்த்தால் ஏமாற்றிவிடும், தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துக் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, படுக்கைப்புண், இரவுத் தூக்கமின்மை ஆகியவையும் பகல் விழிப்பைத் தின்றுவிடும்.

இப்போது அமன்டடின். 1960-களில் இன்ஃபுளுயன்சாவுக்காக வந்த மருந்து இது. பிறகு பார்க்கின்சன் நோய்க்குப் பயன்பட்டது. மூளையில் டோபமின் வெளியாவதைக் கூட்டுகிறது, நரம்பணுக்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகளை லேசாகத் தடுக்கிறது. தலைக்காயத்துக்கான முக்கிய ஆய்வு 2012-இல் வந்தது. 184 பேர், எல்லாரும் காயமடைந்து 4 முதல் 16 வாரம் ஆனவர்கள், வெஜிடேட்டிவ் அல்லது குறைந்தபட்ச நினைவு நிலையில் மறுவாழ்வு மையத்தில் இருந்தவர்கள். பாதிப் பேருக்கு அமன்டடின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, நான்கு வாரம். அந்த நான்கு வாரமும் அமன்டடின் குழு வேகமாக முன்னேறியது. மருந்தை நிறுத்திய அடுத்த இரண்டு வாரத்தில் அவர்களின் வேகம் குறைந்தது. ஆறாவது வார முடிவில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன.

இந்த முடிவை நேர்மையாகப் படிக்க வேண்டும். மருந்து மீட்சியை வேகப்படுத்துகிறது என்பது நிரூபணம். இறுதியில் எட்டும் நிலையை அது உயர்த்துகிறது என்பது நிரூபணமாகவில்லை. அப்படியானால் எதற்குக் கொடுப்பது? பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் தீவிரமாகக் கிடைக்கும் காலம் எல்லாருக்கும் குறுகியது. அந்தக் காலத்துக்குள் நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டால் பயிற்சியின் பயன் கூடும் என்பதே என் கணிப்பு. 2018-இல் அமெரிக்க நரம்பியல் அகாடமியும் மறுவாழ்வு மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, இந்த 4 முதல் 16 வார வரம்பிலுள்ள பெரியவர்களுக்கு அமன்டடினைப் பரிந்துரைக்கிறது.

அளவு: காலையில் 100 மி.கி., மதியம் 100 மி.கி. என்று தொடங்குவார்கள். இரண்டு வாரத்தில் போதிய முன்னேற்றம் இல்லையென்றால் மூன்றாவது வாரம் 150 மி.கி. இருவேளை, அப்போதும் இல்லையென்றால் நான்காவது வாரம் 200 மி.கி. இருவேளை. இரண்டாவது வேளையை இரவுக்குத் தள்ளவே கூடாது. "ஒரு நாளைக்கு இரண்டு வேளை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து காலை எட்டு, இரவு எட்டு என்று கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரவெல்லாம் தூக்கம் கெட்டு, பகலில் தூங்கிவழிந்து, மருந்து எதிர்ப்பக்கம் வேலை செய்ததுபோல ஆகிவிடும். மூக்குக்குழாயில் கொடுப்பதென்றால் 5 மி.லி.யில் 50 மி.கி. உள்ள சிரப் சிறந்தது. நீண்ட நேரம் வெளியாகும்படி செய்த மாத்திரையை நசுக்கிக் கொடுக்கக் கூடாது.

இந்த மருந்து ஏறக்குறைய முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் வெளியேற்ற அளவு நிமிடத்துக்கு 50 மி.லி.க்குக் கீழே இருந்தால் டோஸைக் குறைக்க வேண்டும். மிகவும் குறைந்திருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்குக்கே போக வேண்டியிருக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆறு வாரம் படுக்கையில் கிடந்தவரின் தசைகள் கரைந்திருக்கும். தசை குறைந்தால் கிரியாட்டினினும் குறைவாகவே காட்டும். ரிப்போர்ட்டில் 0.6 என்று வந்திருப்பதை வைத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நம்பி முழு டோஸ் கொடுத்தால், மருந்து உடலில் சேர்ந்து குழப்பமும் மாயத்தோற்றமும் தசைத்துடிப்பும் வரும். சந்தேகம் இருந்தால், தசை அளவைப் பெரிதும் சாராத சிறுநீரகப் பரிசோதனையான சிஸ்டாடின்-சி உதவும்.

வலிப்பு அடிக்கடி வருபவருக்கு இதைத் தொடங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். ஆய்வில் வலிப்பு கூடவில்லைதான், ஆனால் முந்தைய மாதத்தில் ஒன்றுக்கு மேல் வலிப்பு வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. பக்கவிளைவுகளில் பார்க்க வேண்டியவை: பதற்றம், தூக்கமின்மை, குமட்டல், எழுப்பி உட்காரவைக்கும்போது ரத்த அழுத்தம் விழுவது, கணுக்கால் வீக்கம். தொடையிலும் காலிலும் வலைபோன்ற ஊதாநிறக் கோலம் தோன்றினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கெடுதல் இல்லை, மருத்துவரிடம் சொன்னால் போதும். நிறுத்தும்போது வாரத்துக்கு 100 மி.கி. என்ற கணக்கில் குறைப்பது பாதுகாப்பு. திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சலும் குழப்பமும் வரக்கூடும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் காலத்தில் மருந்து இல்லாமலே பலர் முன்னேறுவார்கள் என்பதால், மருந்து தொடங்குவதற்கு முன்பே அடிப்படை அளவு எடுத்திருக்க வேண்டும். நினைவு திரும்புவதை அளப்பதற்கென்றே உள்ள சிஆர்எஸ்-ஆர் அளவுகோலில் ஆறு பிரிவுகள், மொத்தம் 23 புள்ளிகள். ஒருமுறை பார்த்து முடிவு சொல்லக் கூடாது, இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது பார்க்க வேண்டும். அதில் குடும்பத்தாரும் புரிந்துகொண்டு செய்யக்கூடிய இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

ஒன்று கண்ணாடிச் சோதனை. கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே 10 முதல் 15 செ.மீ. தூரத்தில், அவர் தன் முகத்தையே பார்க்கும்படி பிடியுங்கள். மெதுவாக வலப்பக்கம் 45 பாகை, இடப்பக்கம் 45 பாகை, பிறகு மேலும் கீழும் நகர்த்துங்கள். ஒவ்வொரு திசையையும் இருமுறை பாருங்கள். பார்வை விடாமல் பின்தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. விரலையோ பேனாவையோ வைத்துப் பார்த்தால் பின்தொடராத சிலர் தங்கள் முகத்தைப் பின்தொடர்வது தெரிந்த விஷயம். நினைவு திரும்புவதன் முதல் அடையாளங்களில் இது ஒன்று.

இன்னொன்று, சொன்னதைச் செய்கிறாரா என்பது. அவரால் உடலளவில் செய்யக்கூடிய ஓர் அசைவைத் தேர்ந்தெடுங்கள். கை செயலிழந்தவரிடம் கையைத் தூக்கச் சொல்லிப் பயனில்லை. முதலில் ஒரு நிமிடம் எதுவும் சொல்லாமல் அந்த அசைவு தானாக எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டுப் பத்து வினாடி வாய்மூடிக் காத்திருங்கள். இப்படி நான்கு முறை. நான்கில் மூன்று முறை செய்தால் அது தற்செயல் இல்லை. இடைவெளியே விடாமல் "கையைத் தூக்கு, தூக்கு, தூக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எந்த அசைவும் பதிலாகத் தெரியும். கையைப் பிடித்து அழுத்தச் சொல்வதும் ஏமாற்றும், உள்ளங்கையில் எதையாவது வைத்தாலே அனிச்சையாக விரல் மூடும். பிடித்ததை விடச் சொல்லிப் பாருங்கள். சோதனைக்கு முன் உட்காரவைத்து, வெளிச்சம் வரவிட்டு, டிவியை அணைத்துவிடுங்கள். சாப்பாடு கொடுத்த உடனேயோ தூக்க மருந்து கொடுத்த பிறகோ செய்யாதீர்கள்.

சோல்பிடெம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தூக்க மாத்திரை கொடுத்ததும் கோமாவிலிருந்து எழுந்து பேசினார் என்ற செய்தி உண்மையிலேயே சிலருக்கு நடந்தது. ஆனால் 84 பேரைச் சோதித்த 2014 ஆய்வில் தெளிவாகப் பலன் கண்டவர்கள் நான்கு பேர்தான். பலன் வந்தாலும் சில மணி நேரத்தில் போய்விடும். மருத்துவர் மேற்பார்வையில் 10 மி.கி. ஒரே டோஸ் கொடுத்து, முன்னும் பின்னும் அளவெடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் தூக்கத்தைத்தான் தரும். புரோமோகிரிப்டின், லெவோடோபா, மோடாஃபினில் ஆகியவற்றுக்குச் சிறு அளவிலான சான்றுகளே உள்ளன. அமன்டடின் கொடுக்க முடியாதபோது சில மருத்துவர்கள் இவற்றை முயல்கிறார்கள்.

மூளை டானிக்குகள் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சிட்டிகோலினை 1213 பேருக்கு, நாளுக்கு 2000 மி.கி. வீதம் 90 நாள் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2012-இல் வந்தது. பலனில்லை. பைராசெட்டாமுக்கு இந்த நிலையில் உறுதியான ஆதாரம் கிடையாது. செரிப்ரோலைசின் ஊசிக்குச் சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்தன, ஆனால் அதை வழக்கமான சிகிச்சையாக ஏற்கும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. இவற்றுக்குச் செலவழிக்கும் பணம் கூடுதல் பிசியோதெரபிக்குப் போனால் நோயாளிக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

சிலருக்குத் திடீரென நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, வேர்த்துக்கொட்டி, மூச்சு வாங்கி, கைகால் விறைத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது, உடலை அவசர நிலைக்குத் தயார்ப்படுத்தும் சிம்பதெட்டிக் நரம்புகள் கட்டுப்பாடு இழந்து கிளர்வது. நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், சளி உறிஞ்சும் குழாய், மடங்கிய போர்வை எதுவும் அதைத் தூண்டலாம், முதலில் அதைத் தேடுங்கள். மருந்தென்றால் புரோப்ரனலாலும் கேபாபென்டினும். ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் ஆகாது.

நினைவு திரும்பியதும் வேறு பிரச்சினைகள் வரும். குழப்பத்தோடு கத்துவது, குழாயைப் பிடுங்குவது எல்லாம் மீட்சியின் ஒரு கட்டம். வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, அறையை அமைதியாக்கி, ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பேசினால் பாதி அடங்கும். மருந்து தேவைப்பட்டால் இங்கேயும் புரோப்ரனலாலுக்குத்தான் ஓரளவு நல்ல சான்று, ஹாலோபெரிடால் கடைசி வழி. பின்னர் கவனம் நிற்கவில்லை, யோசனை மெதுவாக ஓடுகிறது என்றால் மெத்தில்ஃபெனிடேட் உதவும். ஆய்வுகளில் உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மி.கி. வீதம் இருவேளை கொடுத்தார்கள், 50 கிலோ உள்ளவருக்கு ஒரு வேளைக்கு 15 மி.கி. நடைமுறையில் 5 மி.கி.யில் தொடங்கி ஏற்றுவார்கள், காலையும் மதியமும் மட்டும். நாடி, ரத்த அழுத்தம், பசி மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது யோசிக்கும் வேகத்தைக் கூட்டும், தொலைந்த ஞாபகத்தைக் கொண்டுவராது.

அமன்டடினை முழு அளவில் நான்கு வாரம் கொடுத்தும் புள்ளிகள் நகரவில்லையென்றால், படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டு, சிடியையும் இஇஜியையும் ஹார்மோன்களையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்தியபின் நிலை தெளிவாகச் சரிந்தால், மருந்து உதவிக்கொண்டிருந்தது என்று பொருள், மீண்டும் தொடங்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: இப்போது கொடுக்கும் எல்லா மருந்துகளும், ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் எதற்காகத் தொடங்கியது, கடைசியாக வலிப்பு வந்த நாள், இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், கண்ணாடிச் சோதனையும் சொன்னதைச் செய்யும் சோதனையும் எந்த நாளில் என்ன முடிவு தந்தன.